கழகமும் தவறணையும்

அட்டன் முதல் நுவரெலியா வரையுள்ள மலைப் பாடசாலைகளின் ஆசிரியர் இருவர் பேருந்து நிலையத்திலோ திருமணப் பந்தரிலோ எதிர்ப்பட்டால், நலம் விசாரித்து முடிந்ததும் எழுகின்ற பேச்சு இந்நாளிற் பெரும்பாலும் இரண்டு பொருள்களைப் பற்றியதாகவே இருக்கின்றது. ஒன்று, கைத்தொலைபேசியிற் பலர் ஒருங்கு கூடி ஆடுகின்ற துப்பாக்கி விளையாட்டு. மற்றது, வேலை செய்யுமிடத்திலேயே குடிப்பது. இன்ன மாணவன் இரவு இரண்டு மணி வரை விளையாடிவிட்டு வகுப்பிற் கண்ணயர்கின்றான் என்று ஒருவர் சொல்வார். அவன் தகப்பன் ஆலையில் இராவேலைக்குப் போகும்போது இடுப்பிற் போத்தலோடு போகின்றான் என்று மற்றவர் சொல்வார். இருவரும் ஒருமுறை சிரிப்பர், ஒருமுறை பெருமூச்சு விடுவர், பேருந்து வந்துவிடும். போதுபோக்குப் பேச்சாக இது கழிந்துபோவதைப் பல ஆண்டுகளாகக் கண்டுவருகின்றேன். இதனைச் சற்று நின்று பேசவேண்டும் என்பதே என் எண்ணம்.

வைத்தியரும் பொலிசாரும் மதுவரித் திணைக்களத்தாரும் பார்க்கவேண்டிய காரியத்திலே தமிழ் வாத்தியாருக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். கள்ளுண்ணாமையையும் சூதையும் வகுப்பிற் படிப்பிப்பவன் தமிழ் வாத்தியாரேயன்றோ! பொருட்பாலில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 94ஆம் அதிகாரம் சூது. அவ்விரண்டையும் அடுத்து 95ஆம் அதிகாரமாக மருந்து நிற்கின்றது. இவ்வைப்புமுறையைக் கூறி மாணாக்கரைச் சிரிக்கவைப்பது எங்கள் வழக்கம். எங்கள் கீழைத்தேயக் கல்லூரியில் ஒருநாள் இவ்வதிகாரங்களை நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வாங்கிலிருந்த இளைஞன் ஒருவன் எழுந்து, “சேர், ஃப்ரீ ஃபயர் சூதா?” என்று வினவினான். வகுப்பு முழுவதும் சிரித்தது. வினாவோ நல்ல வினா.

அதற்கு விடை சொல்லுமுன் ஒரு சொல்லை நோக்குதல் வேண்டும். சூது அதிகாரத்தில் வள்ளுவர், சூதாடும் இடத்தைக் குறிக்கக் ‘கழகம்’ என்னும் சொல்லை ஆள்கின்றார். இன்று அரசியற் கட்சிக்கும் விளையாட்டுச் சங்கத்திற்கும் இலக்கிய மன்றத்திற்கும் வழங்குகின்ற அதே சொல்தான். கம்பனோ பாலகாண்டத்து நாட்டுப்படலத்தில் இளைஞர் கலை பயிலும் இடத்தைக் கழகம் என்கின்றான். அதிலும் மகளிர் பந்தாடும் இடத்தையும் ஆடவர் கலை தேரும் கழகத்தையும் ஒரே செய்யுளில் அடுத்தடுத்து வைக்கின்றான். படையும் மல்லும் பயிலும் இடத்துக்கும் இப்பெயர் உண்டு என்று அகராதி கூறும். சூதாடுமிடம், கல்வி பயிலுமிடம், போர் பயிலுமிடம் ஆகிய மூன்றிற்கும் நம் முன்னோர் ஒரே பெயரிட்டது சொற்பஞ்சத்தால் அன்று. மக்கள் கூடுமிடம் என்பதே அச்சொல்லின் உயிர். கூடியவர் ஆங்கு என் செய்தனர் என்பது பிற்பாடு வருவது. மலையகத்து லயங்களின் மாலைப்பொழுதை நினைக்குந்தோறும் இச்சொல் என் நினைவுக்கு வருகின்றது.

குடியை முதலில் எடுத்துக்கொள்வோம். சாராயமும் கள்ளும் விற்கும் கடைக்கு ஈழத்துத் தமிழில் வழங்கும் பெயர் தவறணை. தவறு செய்தவன் அணையுமிடம் என்று வேடிக்கையாகப் பொருள் சொல்வோர் உளர். அது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல். ஆனால் மலைமேல் தவறணையைப் பெருக்கியவர் போர்த்துக்கேயர் அல்லர். பிரித்தானியர் ஆட்சியிலே சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. ஏலத்தில் எடுத்தவர் கட்டிய குத்தகைப் பணத்தை மீட்க வேண்டுமாயிற் குடிப்போர் தொகை பெருகவேண்டும். 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களும், அவை நோயால் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களும் மலைகளிற் பரவின. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து வந்து, கையிற் கூலிப்பணம் பெறுகின்ற பெருங்கூட்டம் ஒன்று அங்கே குடியேறிற்று. அக்கூட்டம் இருந்த இடத்தைத் தேடித் தவறணை வந்தது; அரசாங்கத்திற்கு வருமானமும் வந்தது. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டத்தின்பின் நாடெங்கும் மதுவிலக்கு இயக்கம் வீறுகொண்டெழுந்தது. அதன் தலைவர் பலர் 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிறையும் புகுந்தனர். பெருமைக்குரிய வரலாறே, ஆயினும் அவ்வரலாற்றின் ஏடுகளிலே தோட்டத் தொழிலாளியின் முகத்தைக் காண்பது அரிது.

தோட்டத்துக் குடியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சம்பள நாளைத்தான் பேசுவர். யான் அதனினும் அன்றாட வேலையின் ஒழுங்கை நோக்கவேண்டும் என்பேன். விடியற்காலை பெரட்டுக்களத்தில் ஆணும் பெண்ணும் ஒருங்கே நிற்கின்றனர். கவ்வாத்து வெட்டுதல், முள்ளுக்குத்துதல், கான் வெட்டுதல் ஆகிய ஆண்களின் வேலைகள் பெரும்பாலும் இத்தனை என்று அளந்து கொடுக்கப்படுவன. அளவு முடிந்தால் ஆள் வீட்டுக்குப் போகலாம்; நண்பகல் கடந்த சிறிது நேரத்தில் அவன் லயத்துக்குத் திரும்பிவிடுகின்றான். பெண்ணோ மாலைக் கொழுந்து நிறுத்து முடியும்வரை மலையில் நிற்கின்றாள். வந்தபின் விறகும் தண்ணீரும் அடுப்பும் அவளுக்கே உரியன. 1984 வரை அவளுடைய நாட்சம்பளம் ஆணின் சம்பளத்தினும் குறைவாகவே இருந்தது. அச்சம்பளத்தையும் அவள் சார்பிற் கணவனோ தந்தையோ கைநீட்டி வாங்கிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. ஆக, ஒருபுறம் ஆணுக்குப் போக்கிடமற்ற பிற்பகல். மறுபுறம் அவன் கையிற் பெண்ணின் கூலி. தவறணைக்காரன் விளம்பரம் செய்யவேண்டிய தேவை என்ன?

சட்டங்கள் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்றல் குற்றம். போயா நாள்களில் மதுக்கடைகள் பூட்டப்படும். போயாவுக்கு முதல்நாட் கடைவாயிலில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு அச்சட்டத்தின் வலிமை எவ்வளவு என்பது விளங்கும். கசிப்புக்கோ போயா என்று ஒன்று கிடையாது.

வேலைத்தலத்துக் குடி இவற்றினும் கொடியது. தோட்டத்தார் ‘ஸ்டோர்’ என்று சொல்லும் தேயிலை ஆலையில் வேலை இரவிலேதான் முறுகுகின்றது. பகலிற் பறித்த கொழுந்து மேல்மாடிகளிற் பரப்பி வாட்டப்படும். மழைநாட் கொழுந்தாயின் அது பதமாக வாடுதற்குப் பன்னிரண்டு மணி நேரத்தின் மேலும் ஆகும். வாடிய பின்னரே ரோலர் என்னும் உருளையந்திரங்கள் சுழலத் தொடங்கும். ஆகவே நுவரெலியாக் குளிரிலே, ஊர் உறங்கும் பின்னிரவிலே, சுழலும் இரும்பின் பக்கத்தில் மனிதர் விழித்து நிற்கின்றனர். “குளிருக்கு ஒரு சொட்டு” என்பது அங்கே வழங்கும் சொல். அச்சொட்டு என்ன விலை பெறும் என்பதற்கு ஒரு சட்டநூலே சான்று. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், குடிமயக்கமே நேரடிக் காரணமாய் நேர்ந்த, உயிர் போகாத காயங்களுக்கு நட்டஈடு கொடாமல் விலகிக்கொள்ளத் தொழில் கொடுப்போனுக்கு இடம் வைத்திருக்கின்றது. இரண்டு விரலை ரோலருக்குக் கொடுத்தவன் வாயில் அன்று சாராய வாடை இருந்ததாயின், அவன் விரலுக்கு விலை இல்லை. இதனைத் தோட்டத்திற் சொல்லுவார் இல்லை. தொழிற்சங்கங்கள் மேடைதோறும் சொல்லியிருக்க வேண்டிய செய்தி இது. மே தினத்திலாவது சொல்லலாம். ஆனால் மே தினத்தன்று மாலை நிலைமை வேறாகிவிடுகின்றது.

இனி விளையாட்டுக்கு வருவோம். லயத்துப் பிள்ளைகளிற் பலருக்குக் கைத்தொலைபேசியைக் கையிற் கொடுத்தது கல்வியேயாகும். 2020 மார்ச்சு மாதத்திற் கொள்ளைநோயால் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடம் தொலைபேசி வழியே வரும் என்று நாங்களே பெற்றோரிடம் சொன்னோம். கடன்பட்டும் அடகு வைத்தும் வாங்கினார்கள். பாடம் அலைவரிசை கிடைக்காத பள்ளத்தாக்குகளில் அறுந்து அறுந்து வந்தது. விளையாட்டோ அறாமல் வந்தது. பப்ஜி என்னும் கொரிய விளையாட்டு நூறு பேர் ஒரு களத்தில் இறங்குவது. அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டும். சிங்கப்பூர்க் கம்பனி ஒன்று 2017இல் வெளியிட்ட ஃப்ரீ ஃபயர் என்பது விலை குறைந்த கருவியிலும் ஓடும். ஐம்பது பேர் இறங்குவர். ஏறத்தாழப் பத்து நிமிடத்தில் ஆட்டம் முடியும். ஏழை வீட்டுப் பிள்ளையை நாடி அது வந்தது எவ்வாறு என்பது இப்பொழுது விளங்கும். முன்னொருகாலத்தில் தவறணையும் இவ்வாறே ஆளிருக்கும் இடம் தேடி வந்தது.

பிள்ளைகள் ஆடும்போது வாயும் ஓய்வதில்லை. நால்வர் ஓர் அணி. அந்நால்வரும் நான்கு ஊர்களில் இருப்பினும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே ஆடலாம். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலே, அலைவரிசை நன்கு கிடைக்கும் தண்ணீர்த் தொட்டியின் அருகே, ஒரு மாலையில் யான் செவியுற்ற பேச்சை உள்ளவாறே தருகின்றேன். இப்பாற் பேசியவன் பதினைந்து வயது மாணவன். அப்பாற் பேசியவன் கொழும்புப் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையிற் சாமான் ஏற்றி இறக்கும் அவனுடைய தமையன்.

“அண்ணே, விழுந்துட்டேன். என்னையத் தூக்குங்கண்ணே!”

“இரு தம்பி, வர்றேன். அசையாமக் கெட. மொதலாளி மேல போயிட்டாரு, இன்னும் அஞ்சு நிமிசம் இருக்கு.”

“அண்ணே, குடிச்சிருக்கீங்களா? குரல் ஒரு மாதிரி இருக்கு.”

“ஒரே ஒரு பியர்டா. காலையிலயிருந்து மூட்டை தூக்குன ஒடம்பு. அம்மாகிட்ட சொல்லாத. நீ வலப்பக்கம் பாரு.”

குடியும் விளையாட்டும் வேலைத்தலமும் இந்நான்கு வரியில் அடங்கிவிட்டன. பிரம்பு பிடித்த பழக்கத்தால் எனக்கும் முதலிற் கோபமே வந்தது. கடைநேரத்தில் ஆட்டம், கடைநேரத்தில் மது, தம்பிக்குப் பொய் சொல்லப் பயிற்சி வேறு! ஆனால் அப்பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தபின், அண்ணனைக் கடைசியாக நேரிற் கண்டது போன தீபாவளிக்கு என்று அறிந்தேன். அவ்விளையாட்டில் அடிபட்டு விழுந்தவன் உடனே இறப்பதில்லை. அணியில் உள்ளவன் ஓடிவந்து சில கணம் அருகிருந்தால் எழுந்துவிடுவான். ஆண்டுக்கொருமுறை காணும் தமையன், ஒவ்வோர் இரவும் ஓடிவந்து தன்னைத் தூக்கி நிறுத்துகின்றான். இதனை விட்டுவிடு என்று ஒரு சொல்லில் அப்பிள்ளைக்கு எவ்வாறு சொல்வது?

சொல்லாமலும் இருக்கமுடியவில்லை. இதற்குள்ளேதான் சூது புகுந்து நிற்கின்றது. சூது என்பதன் அடையாளம் பணயம். பொருளை வைத்து, தன் திறத்தின் வசமல்லாத ஒன்றின் வாயிலாகப் பெரும்பொருள் பெறலாம் என்று காத்திருப்பதே சூது. துப்பாக்கி ஆட்டம் வெறும் ஆட்டமாக இருக்கும்வரை, அது கிட்டியும் கிளித்தட்டும் போன்றதே. ஆனால் ஃப்ரீ ஃபயரில் ‘டைமண்ட்’ என்று ஒரு பொருள் உண்டு. அதனைக் காசு கொடுத்து வாங்கவேண்டும். அந்த வைரத்தைக் கொடுத்துச் சக்கரம் சுழற்றுவதுபோல் அதிர்ட்டம் பார்க்கும் பகுதியும் உண்டு. சுழற்றினால் நல்ல உடுப்பும் கிடைக்கலாம். உதவாக்கரைப் பொருளும் கிடைக்கலாம். அவ்விளைஞன் வினாவிற்கு யான் வகுப்பிற் கூறிய விடை இதுவே: ஓடிப் பிடிப்பது ஆட்டம், வைரம் வைத்துச் சுழற்றுவது கவறு. பரிமேலழகர் இருந்தாலும் இதனை மறுக்கமாட்டார் என்றே நம்புகின்றேன்.

வைரம் என்றதும் விலை நினைவுக்கு வரும். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா ஆயிற்று. 2024 செப்டெம்பரில் 1350 ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் அரிசியும் மாவும் ஏறிய ஏற்றத்தைச் சொல்லவேண்டுவதில்லை. அந்நாட்சம்பளத்துக்காக அட்டைக் கடியோடும் மழையோடும் ஒரு தாய் நிறைகொழுந்து எடுக்கின்றாள். எனக்குத் தெரிந்த ஒரு தாய், ரீலோட் போட வைத்திருந்த காசு எங்கே போயிற்று என்று மகனைக் கேட்டபோது, “வைரம் வாங்கினேன்” என்றானாம். விளையாட்டு மொழி அறியாத அவள், எங்கே காட்டு என்று கேட்டாளாம். இக்கதையை ஓர் ஆசிரியர் நகைச்சுவையாகச் சொன்னார்; எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உலகம் இதனைக் கவனியாமல் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பட்டியலில், கட்டுமீறிய விளையாட்டு ஒரு நோயாக இடம்பெற்றது. சீன அரசாங்கம் 2021இல், பதினெட்டு வயது நிரம்பாதோர் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாள்களில் மாத்திரம் நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஆடலாம் என்று வரையறுத்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இணையவழிச் சூதைத் தடுக்க 2022இற் கொணர்ந்த சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023இல் ஏற்றுக்கொண்டபோதும், ரம்மி திறமைக்குரிய ஆட்டம் என்று அதனை விலக்கிவிட்டது. பின்னர் 2025இல் இந்திய நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் யாவற்றையுமே தடைசெய்தது. மறுபுறத்தில், 2023இற் சீனத்து ஹாங்சௌவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் இத்தகைய விளையாட்டுகள் சிலவற்றுக்குப் பதக்கமும் வழங்கப்பட்டது. ஒரே நாடு தன் பிள்ளைகளுக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் பந்தயக்காரருக்குப் பதக்கம் சூட்டியது. இதில் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கத்தி சமையற்காரன் கையிலும் இருக்கின்றது.

அறிவுரை கூறும் நம்மவர்க்கு யான் நினைவூட்ட விரும்புவது மணிமேகலையிற் சாதுவன் கதை. ஆதிரையின் கணவனான சாதுவன் கணிகை வீட்டிலிருந்து சூதாடிப் பொருள் அனைத்தையும் இழந்தான். இழந்ததை மீட்கக் கடல்கடந்து பிழைக்கப் புறப்பட்டான். கலம் உடைந்தது, நாகர் வாழும் தீவிற் கரையேறினான். அவர்கள் தலைவன் அவனுக்கு விருந்தாக ஒரு மங்கையையும் வெங்கள்ளையும் ஊனையும் கொடுக்கச் சொன்னான். சாதுவன் மறுத்தான். அப்போது அந்நாகர் தலைவன் ஒரு வினா எழுப்புகின்றான். இவையும் இல்லையென்றால், மனிதனுக்கு இவ்வுலகில் வேறு என்ன பயன் இருக்கின்றது? இருந்தாற் காட்டு என்கின்றான்.

அவ்வினாவைச் சாத்தனார் எள்ளி நகைக்கவில்லை. சாதுவனும் திட்டவில்லை. சூதினால் அழிந்த ஒருவன்தான் அங்கே ஆசிரியனாக அமர்ந்திருக்கின்றான் என்பதும் நோக்கத்தக்கது. அவன் பிறப்பும் இறப்பும் உயிரின் நிலையும் எடுத்துரைக்கின்றான். பின்பு, அத்தீவினர்க்கு இயலாத நோன்பு எதனையும் சுமத்தவில்லை. கலம் உடைந்து வருவோரைக் கொல்லாது காப்பாற்றுங்கள். முதிர்ந்து தாமே இறக்கும் விலங்கைத் தவிர வேறு உயிரைக் கொல்லாதீர்கள் என்ற அளவில் நிறுத்திக்கொள்கின்றான். எமக்கு இயலும் இவ்வறத்தை யாம் செய்வோம் என்று தலைவனும் ஒப்புக்கொள்கின்றான். ஊன் அடியோடு ஒழியவில்லை, கொலை குறைந்தது. துறவு பேசும் ஒரு காப்பியத்தில் இவ்வளவு நடைமுறை அறிவு பொதிந்திருப்பதை எண்ணி யான் பலமுறை வியந்ததுண்டு.

லயத்து இளைஞனும் நாகர் தலைவனின் வினாவையே நம்மிடம் கேட்கின்றான். சாராயம் வேண்டாம், போன் வேண்டாம் என்கிறீர்கள். மாலை ஆறு மணிக்குப் பத்தடி அறையில் ஏழு பேர் இருக்கின்றோம். வேறு என்ன இருக்கின்றது, காட்டுங்கள் என்கின்றான். காட்டுவதற்கு நம்மிடம் என்ன உண்டு?

ஒருகாலத்தில் இருந்தது. மாசி மாதத்து வளர்பிறையிற் காமன் ஊன்றிப் பௌர்ணமி வரை இரவுகள்தோறும் தோட்டம் முழுவதும் விழித்திருக்கும். ரதியாகவும் மன்மதனாகவும் வேடமிடுவோர் சிலர், தப்படிப்போர் சிலர், பாடுவோர், பந்தம் பிடிப்போர், சண்டை மூட்டுவோர், சமாதானம் செய்வோர் என்று வேலையற்றவர் எவரும் இலர். பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் அவ்வாறே. பலர் கூடி ஆடும் ஆட்டம் என்பது கம்பனிக்காரன் கண்டுபிடித்த புதுமை அன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? கூத்துக்களத்திற் சாராயமே இல்லை என்று யான் பொய் சொல்லேன், இருந்தது. ஆயினும் வேடமிட்டவன் மறுநாளும் ஆடவேண்டும் என்ற பொறுப்பு அவனைத் தடுத்தது. தொழிற்சங்கக் கூட்டமும் அக்காலத்திற் பாட்டினாலே கூட்டப்பட்டது. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார் மேடையேறிப் பாடத் தொடங்கினாற் கூட்டம் தானே கூடிவிடும் என்பர். சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டுப் பாடல்கள் இல்லையேல் அம்மக்களின் பாட்டிற் பெரும்பகுதி காற்றோடு போயிருக்கும். இன்றும் சில தோட்டங்களிற் காமன் கூத்து நடக்கின்றது. வேடமிட ஆள் இல்லாமல் நின்றுபோன தோட்டங்களும் பல. இளைஞர் கொழும்பிற் கடைகளில் நிற்கின்றனர்.

ஆகவே என் கருத்தை மறைக்காமற் சொல்கின்றேன். வேலைத்தலத்தில் இரண்டும் வேண்டா. ரோலர் சுழலும் அறையிலும், செங்குத்தான மலைச்சரிவிலும், சாமான் ஏற்றும் மாடியிலும் போத்தலும் தொலைபேசி ஆட்டமும் புகலாகாது. இதில் எனக்குத் தயவு தாட்சணியம் இல்லை. விரல் போனால் எந்த அணியானும் ஓடிவந்து தூக்கித் தரமாட்டான். ஆலைக்காரரும் தம் கடமையைச் செய்தல் வேண்டும். இரவு வேலையாளுக்கு இரண்டு மணிக்கு ஒருமுறை கொதிக்கக் கொதிக்கத் தேநீர் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? உலகத்துக்கெல்லாம் தேயிலை அனுப்பும் ஆலை அது. “குளிருக்கு” என்னும் சாக்குப் போவதற்கு அதுவே முதல் வழி.

மாலைப்பொழுதைப் பற்றியோ யான் சாதுவன் பக்கம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடு என்று சொல்வதைவிட, இயன்றதைச் சொல்லி ஓர் இடத்தைக் காட்டுவோம். அந்த இடம் நம் கையிலேயே இருக்கின்றது. மலைப் பாடசாலை பிற்பகல் ஒன்றரை மணிக்குக் கலைகின்றது. ஆண்தொழிலாளி மலையிலிருந்து இறங்குவதும் ஏறத்தாழ அந்நேரமே. அவன் இறங்கும் வழியில் பாடசாலை மண்டபம் பூட்டிக் கிடக்கின்றது. தோட்டத்துப் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்ற 1970களின் பின் கட்டடங்கள் எத்தனையோ எழுந்தன, மின்விளக்கு வந்தது, வாங்குகள் வந்தன. மாலையில் அவற்றுக்கு உரியவர் எவரும் இல்லை. வாரத்தில் இரண்டு மாலைகள் அம்மண்டபத்தைத் திறந்தால் போதும் என்பேன். கரம் பலகையும் பத்திரிகையும் இருக்கட்டும். மாசி வருமுன் காமன் பாட்டைத் தெரிந்த முதியவர் ஒருவரை அமர்த்திப் பாடவைக்கலாம். நம் மாணவர் அதனைப் பதிவுசெய்து எழுதலாம். பிள்ளைகள் தொலைபேசியோடு வந்தாலும் வரட்டும். வெளிச்சத்தில், பலர் பார்க்க, எட்டு மணிக்கு முடிவதாக, வைரம் வாங்காமல் ஆடுவோம் என்று அவர்களே விதி வகுத்துக்கொண்டு ஆடட்டும். இருட்டில் தனியே ஆடும் ஆட்டம் வேறு. தகப்பனும் தமக்கையும் பார்த்திருக்க ஆடும் ஆட்டம் வேறு. புறக்கோட்டை அண்ணனும் அங்கே குரலாக வந்து கலந்துகொள்ளலாம்.

ஆசிரியருக்கு மேலதிக ஊதியம் யார் தருவார், இரவு திரும்பப் பேருந்து ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விகளே. தோட்டத்திலேயே குடியிருக்கும் இளம் ஆசிரியர்கள் இன்று முன்னெப்போதையினும் மிகுதியாக உள்ளனர். அவர்களிற் பலர் அதே லயங்களிற் பிறந்து, அதே மண்டபத்தின் வாங்குகளிற் படித்தவர்கள். முதலில் அவர்களிடம் கேட்டுப் பார்ப்போம். கல்வி வலயத்துக்கு மனு எழுதுமுன், மண்டபத்துச் சாவி அதிபரிடம் இருக்கின்றதா, காவலாளியிடம் இருக்கின்றதா, அல்லது எப்போதோ தொலைந்துபோயிற்றா என்பதை அவரவர் ஊரில் விசாரித்து இப்பகுதிக்கு எழுதுங்கள். திறக்க இசைந்த பாடசாலைகளின் பெயர்களை மாசி பிறக்குமுன் இதே பக்கத்தில் வெளியிட விரும்புகின்றேன்.